ரோடு சைக்கிளுக்கு மாறும் முன் ஒரு மாத வேலை

"அண்ணா, ரோடு சைக்கிள் வாங்கிடலாமா?"

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தொப்பை போட்டுவிட்டது, நடக்கச் சொன்னால் முட்டி ஒத்துழைக்கவில்லை என்று ஏதோ ஒரு காரணத்துக்காகச் சைக்கிளை எடுத்தவர்கள் ஆறேழு மாதம் கழித்து என்னிடம் கேட்கிற கேள்வி இது. விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருப்போம். வளைந்த ஹேண்டில்பாரில் குனிந்தபடி நாலு பேர் சர்ரென்று கடந்து போவார்கள். அவர்கள் கால் நம்முடையதைவிட அவசரமாகச் சுற்றுவதுபோலவும் தெரியாது. ஆசை அங்கேதான் பிடிக்கிறது.

எனக்கும் அப்படித்தான் பிடித்தது. கியர் வைத்த எம்டிபியில் (மண் பாதைக்கான தடித்த டயர் மவுண்டன் சைக்கிள்) இரண்டு வருடம், ஹைபிரிடில் (எம்டிபிக்கும் ரோடு சைக்கிளுக்கும் நடுவான வகை) மூன்று வருடம், பிறகு ரோடு சைக்கிள். அந்த முதல் ரோடு சைக்கிள் எனக்கு ஒரு சைஸ் பெரியது. "தள்ளுபடியில இதுதான் சார் கடைசி வண்டி, ஸ்டெம்மை மாத்தினா சரியாயிடும்" என்று கடையில் சொன்னதை நம்பி எடுத்தேன். ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் சின்னத் தண்டு. ஐந்து மாதம் கழுத்து வலியோடு ஓட்டிவிட்டு நஷ்டத்துக்கு விற்றேன். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம், பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு மாத வேலை இருக்கிறது என்று சொல்கிறேன். அந்த வேலையை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ரோடு சைக்கிள் என்றே எழுதுகிறேன்: ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், 25 முதல் 32 மில்லிமீட்டர் வரை மெலிந்த டயர், சஸ்பென்ஷன் கிடையாது, எடை 9 முதல் 11 கிலோ.

1. உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு என்று இருக்கிறது. கணக்கு நிமிடத்தில்தான். 14 கிலோ எம்டிபியில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க மிதித்தாலும், 9 கிலோ ரோடு சைக்கிளில் அதே அளவு மூச்சு வாங்க மிதித்தாலும் இதயத்துக்கு வேலை ஒன்றுதான். போய்ச் சேரும் தூரம் மட்டும் மாறும்.

மிதமா கடுமையா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மிதிக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட முடியாது என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடுமை.

புதியவர்கள் கவனிக்காத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோடு சைக்கிள் வந்த பிறகும் அதே 20 கிலோமீட்டர் ரூட்டிலேயே சுற்றினால், சீக்கிரம் வீடு திரும்புவீர்கள், கலோரியும் குறைவாகத்தான் எரியும். வண்டி உங்கள் வேலையைக் குறைத்துத் தருவதற்காகச் செய்யப்பட்டது. மிச்சமாகும் உழைப்பை இன்னும் கொஞ்ச தூரத்திலோ வேகத்திலோ நீங்கள்தான் போட வேண்டும். அதற்கு நேரம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். காலை ஆறேகால் மணிக்குப் பிள்ளையின் ஸ்கூல் வேன் வந்துவிடும் என்றால், ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் உங்களுக்கு ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தை எந்தச் சைக்கிளிலும் நன்றாகச் செலவழிக்கலாம்.

சைக்கிள் எவ்வளவு ஓட்டினாலும் எலும்பின் மேல் உடல் எடை விழுவதில்லை, அதனால் எலும்பு பலப்பட அது மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. தண்டால், பஸ்கி, வீட்டில் கிடக்கும் டம்பெல் எதுவானாலும் சரி. 60 ஆயிரத்துக்கு வண்டி வாங்கினாலும் இதைத் தனியாகத்தான் செய்தாக வேண்டும்.

2. கையில் இருக்கும் சைக்கிளைச் சரிசெய்யுங்கள்

"என் வண்டி ஓடவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களின் சைக்கிளைப் பார்த்தால், பலவற்றில் காற்றுப் பாதிதான் இருக்கும். பஞ்சர் கடையில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து "போதும் சார்" என்பார்கள். அது போதாது. டயரின் பக்கவாட்டில் எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும். அளவுமானி வைத்த, தரையில் நிறுத்தி அடிக்கும் பம்ப் ஒன்றை வாங்கி, அந்த எல்லைக்குள் காற்றடியுங்கள். பிறகு ரோடு சைக்கிள் வாங்கினாலும் அதே பம்ப் பயன்படும், காசு வீணாகாது.

அடுத்து சீட் உயரம். சுவரோடு முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே தட்டும்வரை ஏற்றுங்கள். தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை உள்ள அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். பெடல்களைச் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம் இருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 வரும். இது தொடக்கப் புள்ளி, அங்கிருந்து ஐந்து மில்லிமீட்டர் ஐந்து மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ளலாம். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் முழுசாக ஊன்ற முடிந்தால் சீட் மிகவும் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம்.

மூன்றாவது டயர். எம்டிபியின் கட்டை கட்டையான டயர் மண்ணில் பிடிப்பதற்காக வந்தது, தார் ரோட்டில் அந்தக் கட்டைகள் உங்கள் சக்தியைத் தின்னும். அதே ரிம்முக்குப் பொருந்தும் வழுவழுப்பான, கொஞ்சம் ஒடுங்கிய டயர் ஒரு ஜோடி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முன் சஸ்பென்ஷனில் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, உலர விட்டு, செயின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஒரு வாரத்தில் மண்ணைச் சேர்த்துக் களிம்பாகிவிடும்.

இதைச் செய்த பலர் அதோடு ரோடு சைக்கிள் நினைப்பை ஒத்திவைத்துவிட்டார்கள்.

3. நான்கு வாரம் குறிப்பு எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு நாளும் மூன்று விஷயம்: எத்தனை நிமிடம், எந்த வழி, ஏன் திரும்பினீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். "ஆபீசுக்கு நேரமாச்சு", "மூச்சு முட்டிச்சு", "கை மரத்துப்போச்சு", "எதிர்க்காத்து", "கடைசி கியரிலும் கால் சும்மா சுத்துது", "நாய் துரத்திச்சு" என்று எதுவாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள்கூட எடுக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். இதில் நான் கறாராகத்தான் இருக்கிறேன். புது வண்டி இரண்டு வாரம் எழுப்பிவிடும், மூன்றாவது வாரத்திலிருந்து அதுவும் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியாகிவிடும். திரும்பியதற்குக் காரணம் பெரும்பாலும் நேரமோ மூச்சோ என்றாலும் வண்டியை மாற்றிப் பலனில்லை. மூச்சு பழகப் பழகத்தான் நீளும்.

ஆனால் வார இறுதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறீர்கள், திறந்த சாலை, திரும்பியதற்குக் காரணமாகக் காற்றும் கையும் கியரும்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன என்றால் உங்கள் சைக்கிள் உங்களைப் பிடித்து இழுக்கிறது. நான் மாறியதும் இப்படித்தான். சென்னை மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர், அக்கரை வழியாக முட்டுக்காடு போய்வந்தால் சுமார் 40 கிலோமீட்டர். ஹைபிரிடில் அது சுகமாக இருந்தது. மாமல்லபுரம் வரை போனால் 80-ஐத் தாண்டும். திரும்பி வரும்போது முட்டுக்காடு பாலத்தில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும், உள்ளங்கை எரியும். நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே காரணம் எழுதியிருந்தேன்.

4. ரோடு சைக்கிள் எதைத் தரும், எதைத் தராது

சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகப்போக உங்கள் பெரிய எதிரி காற்று. வேகம் 20-லிருந்து 30 ஆனால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். எம்டிபியில் நிமிர்ந்து உட்கார்ந்து கதவு மாதிரி காற்றை வாங்குகிறோம். ரோடு சைக்கிளில் முதுகு தாழ்கிறது, முழங்கை உள்ளே வருகிறது. மெல்லிய டயரின் உராய்வும் குறைவு. இரண்டும் சேர்ந்து, எம்டிபியில் 20-இல் போகிறவர் அதே உழைப்பில் ரோடு சைக்கிளில் ஏறக்குறைய 24, 25 போகலாம். நல்ல டயர் போட்ட ஹைபிரிடோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இதில் பாதிதான். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்க வேண்டும்.

எடை பற்றிக் கடைகளில் பெரிதாகப் பேசுவார்கள். மலை ஏறும்போது அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் தூக்க வேண்டியது வண்டியும் ஆளும் சேர்த்து. 70 கிலோ ஆள், 14 கிலோ சைக்கிள், மொத்தம் 84. சைக்கிளை 10 கிலோவாக்கினால் 80. நூற்றுக்கு ஐந்துகூடக் குறையவில்லை. அரை மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம் போலக் குறையும், அவ்வளவுதான்.

மலை ஆசை இருப்பவர்களுக்கு எடையைவிடப் பெரிய விஷயம் கியர். செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் பல் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருந்தால் மிதிக்க லேசு. எம்டிபியில் முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்று மிக லேசான கியர் இருக்கும். ரோடு சைக்கிளில் முன்னால் சிறியது பெரும்பாலும் 34, பின்னால் பெரியது 28 அல்லது 32. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 34-க்கு 28-இல் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் போயே ஆக வேண்டும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சாலையில் அந்த வேகத்தை அரை மணி நேரம் பிடிப்பது புதியவருக்குப் பெரும் பாடு. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. எம்டிபியில் நிதானமாக ஏறியவர் ரோடு சைக்கிளில் பாதியிலேயே இறங்கித் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். மலைக்குப் போவீர்கள் என்றால் பின்னால் 32 அல்லது 34 பல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

வளைந்த ஹேண்டில்பாரின் உண்மையான லாபம் கைக்குத்தான். மேல் தண்டு, பிரேக் லீவரின் மேல் மொட்டு, கீழ் வளைவு என்று மூன்று இடத்தில் கையை மாற்றி மாற்றி வைக்கலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருப்பதால் வருவது அது.

5. உங்கள் உடம்பு, உங்கள் சாலை

நேராக நின்று, முட்டியை மடக்காமல் குனிந்து, கெண்டைக்கால் பாதி வரை விரலைக் கொண்டுபோக முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் தாழ்ந்த ஹேண்டில்பார் முதுகைப் பிடிக்கும். வயிறு பெரிதாக இருந்தால் குனியும்போது தொடை வயிற்றில் இடித்து மூச்சைத் தடுக்கும். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹைபிரிடில் ஐந்தாறு கிலோ குறைத்துவிட்டுப் பிறகு வாருங்கள், வண்டி எங்கேயும் போய்விடாது. கழுத்து எலும்புத் தேய்மானம், இடுப்பு டிஸ்க் பிரச்சினை, இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் "குனிந்து, மூச்சு வாங்க ஓட்டலாமா" என்று குறிப்பாகக் கேளுங்கள். "சைக்கிள் ஓட்டலாமா" என்று மட்டும் கேட்டால் தெருவுக்குள் ஓட்டுவதை நினைத்துத் தலையாட்டிவிடுவார்.

சாலை அதற்கு மேல் முக்கியம். உங்கள் தினசரி ரூட்டில் பாதாளச் சாக்கடை மூடியும், அளவில்லாத வேகத்தடையும், மழைக்காலத்தில் ஆழம் தெரியாத பள்ளமும்தான் அதிகம் என்றால் 25 மில்லிமீட்டர் டயர் வேண்டவே வேண்டாம். பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரட்டை ஓட்டை விழும். நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பி, கடற்கரைச் சாலையில் மணல், உள்சாலையில் கருவேல முள் எல்லாமே மெல்லிய டயருக்குப் பகை. நம் ஊருக்கு 28-க்குக் குறையாத டயர், முடிந்தால் 32 நுழையும் இடமுள்ள ஃபிரேம் என்பதுதான் என் கட்சி. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஓட்டுவீர்கள் என்றால் டிஸ்க் பிரேக் நல்லது. நனைந்த ரிம்மில் கட்டை பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும்.

தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நகருக்குள்தான் என்றால் சஸ்பென்ஷன் இல்லாத ஹைபிரிட் போதும். தார் ரோடும் மண் ரோடும் கலந்த கிராமப் பக்கம் என்றால் கிராவல் சைக்கிளைப் பாருங்கள்: ஹேண்டில்பார் வளைந்ததுதான், டயர் தடிமன், கியரும் லேசு.

6. அளவு சரியில்லாத வண்டியைத் தொடாதீர்கள்

ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கால் நீளமும் கை நீளமும் வேறாக இருக்கும். ஒவ்வொரு கம்பெனியின் மீடியமும் வேறு. இணையத்தில் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குவது இதனால்தான் ஆபத்து. கடைக்குப் போய்க் குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அதுவும் வெளிச் சாலையில். ஓட்ட விடாத கடை என்றால் வேறு கடை.

பிரேக் மொட்டின் மேல் கை வைக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் வண்டி நீளம். தோள் காதை நோக்கி ஏறினாலும் அதே குற்றம்தான். சீட் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சமாளிக்கலாம். ஒரு சைஸ் தவறை எதனாலும் சமாளிக்க முடியாது. புதியவர்கள் 'எண்டூரன்ஸ்' வகை ஃபிரேம் கேளுங்கள், ஹேண்டில்பார் கொஞ்சம் உயரமாகவும் கைக்குக் கிட்டவும் இருக்கும். நண்பரிடம் உங்கள் சைஸில் வண்டி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி முழுசாக ஓட்டிப் பாருங்கள், கடைச் சோதனை பத்துக்குச் சமம் அது.

7. பணம்

அலுமினிய ஃபிரேம், ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் அல்லது சோரா கியர் உள்ள வண்டி முதல் ரோடு சைக்கிளாகப் போதும். கிளாரிஸில் பின்னால் 8 கியர், சோராவில் 9. அதற்கு மேல் டியாக்ரா, 105 என்று போகும். உடற்பயிற்சிக்கு ஓட்டுபவருக்கு 105 தரும் கூடுதல் சுகம் உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசத் தொகையை நல்ல டயருக்கும், உடம்புக்கேற்ப வண்டியைச் சரிசெய்யும் ஃபிட்டிங்குக்கும் போட்டால் உடம்பு அதிகம் நன்றி சொல்லும். கார்பன் ஃபிரேம் இப்போது வேண்டாம்.

வண்டி விலையோடு முடியாது. ஹெல்மெட், முன் பின் விளக்கு, இரண்டு உதிரி டியூப், டயர் நெம்புகோல், சின்ன பம்ப், தண்ணீர் பாட்டில், பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் என்று இன்னொரு 8 முதல் 10 ஆயிரம் ஆகும். பட்ஜெட் 50 என்றால் வண்டிக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோடு சைக்கிள் டியூபில் ஊசி மாதிரி மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும், தெருமுனைப் பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். டியூப் மாற்றுவதை வீட்டில் மூன்று முறை பழகிக்கொண்ட பிறகே ஊரைத் தாண்டுங்கள்.

பழைய வண்டி வாங்கினால் பில்லைக் கேளுங்கள், ஃபிரேம் எண்ணை அதோடு ஒத்துப் பாருங்கள். இணைப்புகளின் அடியில் பெயின்டில் மயிரிழை விரிசல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கடலோரத்தில் இருந்த வண்டி என்றால் போல்ட், கேபிள் முனை, ஸ்போக் எல்லாவற்றிலும் துரு பாருங்கள்.

8. வாங்கிய பின் முதல் மாதம்

முதல் வாரம் 45 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். புதிதாகக் குனியும் கழுத்துக்கும் கைக்கும் பழக நாள் வேண்டும். காலியான சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, இடுப்பைச் சீட்டில் பின்னுக்குத் தள்ளி நிறுத்திப் பழகுங்கள். மெல்லிய டயரில் முன் பிரேக்கை மட்டும் மழையில் அழுத்தினால் விழுவீர்கள். ஷூவைப் பெடலில் பூட்டும் கிளிப் முறையை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். கனமான கியரில் முக்கி மிதிக்காமல் நிமிடத்துக்கு 80 சுற்றுப் பக்கம் கால் லேசாகச் சுற்றும் கியரில் ஓட்டினால் முட்டி தப்பிக்கும்.

குறிப்பு நோட்டை மூடிவிடாதீர்கள். முன்பு எழுதிய அதே மூன்று விஷயத்தையும் எழுதிக்கொண்டே வாருங்கள். நிமிடம் குறைந்து கிலோமீட்டர் மட்டும் ஏறியிருந்தால் ரூட்டை நீட்டுங்கள். எனக்கு இரண்டாவது மாதத்தில் அப்படித்தான் ஆகியிருந்தது, அதன் பிறகுதான் முட்டுக்காட்டில் திரும்பாமல் கோவளம் வரை போய்த் திரும்ப ஆரம்பித்தேன்.

பழைய சைக்கிளை உடனே விற்காதீர்கள். பூட்டிவிட்டுக் கடைக்குள் போக, காய்கறி வாங்க, மழை நாளில் தெருவில் ஒரு சுற்று வர, அந்த வண்டிதான் தோது. என் ஹைபிரிடில் பின்னால் ஒரு கேரியர் மாட்டியிருக்கிறேன். வார நாளில் ஐந்து நாளும் அதுதான் வெளியே வருகிறது.